முப்பது ஆம்பியர்

“சத்தமே காணோமே, ஓடுதா, செத்துப்போச்சா?” மின்மோட்டார் படகில் முதல் நாள் ஏறியபோது கஸ்தூரியம்மாள் கேட்டாள்.

“ஓடுதுக்கா,” என்றாள் மெக்கானிக் செசிலியா. “உள்ள உரசுற கரி கெடையாது. காந்தம் எங்க நிக்குதுன்னு சென்சார் சொல்லும். இந்தப் பெட்டி அதுக்கேத்த மாதிரி கம்பிச்சுருளுக்கு மாத்தி மாத்திக் கரண்ட் குடுக்கும். காந்தம் தொரத்திக்கினே சுத்தும்.”

“அப்போ நான் கைப்பிடிய முறுக்கறது?”

“நீ கேக்கற. எவ்ளோ தரணும்னு பெட்டி முடிவு பண்ணும்.”

“நம்ம மொதலாளி மாதிரியே கீது!” கஸ்தூரியம்மாள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே செசிலியா இன்று விடியலில், இருபத்தைந்து கிலோ பேட்டரியைத் தோளில் சுமந்து முழங்கால் சேற்றில் இறங்கினாள். கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் கழுத்தில் பறிக்கூடையோடு நின்றிருந்தார்கள். ஒருத்தியும் படகேறவில்லை.

போன வியாழக்கிழமை முகத்துவாரத்தருகே கடல் ஏரித் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. டீசல் எஞ்சின் என்றால் திணறும் சத்தமே எச்சரித்திருக்கும். இந்த மோட்டார் மௌனமாகச் சுற்றியது. இருட்டில், படகோரம் தண்ணீர் பின்னே ஓடுவதைப் பார்த்து, முன்னேறுகிறோம் என்றே படகிலிருந்த பெண்கள் நம்பினார்கள். படகு பின்னால் போய் வலைக்கம்பத்தில் மோதியது. நடுவில் சிக்கிய கஸ்தூரியம்மாளின் மணிக்கட்டு நொறுங்கியது.

படகுகளை வாடகைக்கு விடும் முதலாளி வரதன் இப்போது ஒரு காகிதத்தை நீட்டினார். “அவ சரியா முறுக்கல, அதான் விபத்துன்னு எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. அப்பாலதான் படகு.”

“கை ஒடிஞ்சவளப் பாத்து கை சரியில்லன்றியே,” என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான ஜமுனா. “ஒனக்கே சிரிப்பு வரல?”

செசிலியா பேட்டரியைக் கரையில் இறக்கினாள்.

“அவ முழுசாதான் முறுக்கினா. பெட்டி குடுக்கற கரண்ட அறுபது ஆம்பியர்லருந்து முப்பதா கொறச்சது நானு. ஒரே சார்ஜுல ரெண்டு நடை ஓடணும்னு சொன்னது இவரு.”

“செசிலியா! சம்பளம் வாங்கற கை அது.”

“அந்தக் கைதான் மொதலாளி கொறச்சுது.”

ஜமுனா திரும்பினாள். “நீயாடி?”

“ஆமாக்கா. தப்புப் பண்ணிட்டேன்.”

ஜமுனா அவளை முறைத்தாள். பிறகு விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கி, முதல் படகின் மின்கம்பியைப் பிடுங்கிக் கரையில் போட்டாள். மற்ற பெண்களும் இறங்கினார்கள். ஐந்து படகுகளின் கம்பிகளும் கரைக்கு வந்தன. அவர்கள் ஈரப்புடவையோடு அங்கேயே உட்கார்ந்தார்கள். ஜமுனா நகர்ந்து, பக்கத்தில் இடம்விட்டாள்.

“உக்காருடி. மூஞ்சப் பாத்துக்கினு நிக்காத.”

வரதன் போனை எடுத்தார். பெட்டியின் அளவை இனி அந்தப் போனில்தான் மாற்ற முடியும்; விபத்து நடந்த அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட்டவர் அவர். மூன்று வாரமாக, பெட்டியில் கைவைத்த நாளிலிருந்து, செசிலியா சொல்லாமல் வைத்திருந்தது இப்போது உரக்க வந்தது.

“பழையபடி அறுபது வைங்க மொதலாளி. பாஸ்வேர்டு இவங்க கையிலயும் இருக்கணும்.”