நாற்பத்து நாலா, முந்நூற்று ஐம்பத்தேழா

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பற்றி உரக்கப் பேசினால் பக்கத்து மேசைக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்ற விவஸ்தையெல்லாம் என் வீட்டுக்காரருக்குக் கிடையாது. கைப்பேசியைத் தண்ணீர் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு, டெக்சஸில் இருக்கும் திலீப்பிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“நாப்பத்து நாலு மேக்னம் எடுத்து வை. மானுக்கு அதான் சரி.”

திலீப் எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் பழைய ஆள். இப்போது அங்கே பண்ணை வைத்திருக்கிறான். வேட்டைக் காலம் தொடங்கியதும் வரச் சொல்லிவிட்டு, எந்தக் கைத்துப்பாக்கியைத் தயாராக வைக்கட்டும் என்று கேட்டிருந்தான். எண்ணில் சின்னதானாலும், முந்நூற்று ஐம்பத்தேழைவிட நாற்பத்து நாலுதான் பெரிய தோட்டா.

“தாசண்ணே, முந்நூத்தி அம்பத்தேழே போதும். அம்பது மீட்டருக்குள்ள, நல்ல தோட்டாவா நெஞ்சுல சரியா பட்டா மான் விழுந்துரும். நாப்பத்து நாலுக்குப் பலம் ஜாஸ்திதான், ஆனா உதைக்கும்.”

“உதைச்சா தாங்க மாட்டேனா?”

“யோசிச்சுச் சொல்லுங்கண்ணே” என்று திலீப் வைத்துவிட்டான். போன வருடம் வந்த பக்கவாதத்தில் இவருடைய வலது பக்கம் விழுந்து, மெல்ல மெல்லத் தேறியது. இனிமேல் சுடலாம் என்று டாக்டரே சொல்லியும் இவர் சங்கத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. திலீப் கூப்பிட்ட பிறகுதான் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை.

“நாப்பத்து நாலைப் புடிக்க முடியலைன்னா, சுடுறதையே விட்டுடுறேன் ரோசம்மா.”

இயேசுதாசன் சொன்னால் சொன்னதுதான். பிடிவாதத்துக்குப் பிறந்த மனுஷன். இதையும் விட்டுவிட்டால் ஈசூன் வீட்டு சோபாவிலிருந்து இவரை யாராலும் எழுப்ப முடியாது. அதுதான் என் பயம்.

சனிக்கிழமை சங்கத்துக்குப் போனோம். இந்த ஊரில் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, எல்லாம் சங்கத்தின் பெட்டகத்தில்தான். சுடுதளத்துக்குப் பொறுப்பான மைமூன் அங்கிருந்த ஒரே நாற்பத்து நாலு சுழல்துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டார். இலக்குத் தாளுக்குக் கீழே மண் பறந்தது. மறுபடியும் மண். மறுபடியும்.

துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

“பார்த்தல்ல? கை போச்சு.”

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் இவர் பக்கத்தில் நின்று சுட்டவள் நான். வலுவில்லாத கையென்றால் குண்டு நாலாபுறமும் சிதறும். இவருடையது எல்லாமே ஒரே இடத்தில், கீழே. மைமூனும் அதைக் கவனித்துவிட்டாள்.

“அங்கிள், இன்னொரு தடவை லா. ஆன்ட்டி நிரப்பட்டும், நீங்க பார்க்காதீங்க” என்றவள், மருந்தில்லாத டம்மித் தோட்டா ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே அதையும் போட்டுக் கொடுத்தேன்.

இவர் குறி பார்த்து விசையை அழுத்தினார். டிக் என்று ஒரு சத்தம். வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் முனை தடாலென்று தரையைப் பார்த்துக் குனிந்தது.

“என்னடி இது?”

“டம்மி.”

“நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்குறியா?”

“ஏங்க, வெடிக்காத துப்பாக்கியை இவ்வளவு வேகமாக் கீழ அமுக்குனது எந்தக் கை? போச்சுன்னீங்களே, அந்தக் கைதானே? உதைக்கப்போகுதேன்னு முன்கூட்டியே பயந்து அமுக்குது. அவ்வளவுதான்.”

“எல்லாருக்கும் வர்றதுதான் அங்கிள்” என்றாள் மைமூன். “எனக்கும் வந்துச்சு. சின்னதுல ஆரம்பிச்சா போயிடும்.”

இவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கினார், விரித்தார். இன்னும் என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

“முந்நூத்தி அம்பத்தேழைக் கொண்டா, மைமூன்.”

அந்தத் துப்பாக்கியில் மெதுவாக உதைக்கிற முப்பத்தெட்டுத் தோட்டாவும் போடலாம். அதில் தொடங்கினார். முதலில் தாளின் ஓரம், பிறகு உள்வட்டம். மைமூன் முழு பலமுள்ள தோட்டாவுக்கு மாற்றிக் கொடுத்தாள். அதுவும் உள்வட்டத்திலேயே விழுந்தது. காலையெல்லாம் நின்றதில் சட்டை நனைந்துவிட்டது, மனுஷன் உட்காரவே இல்லை.

“ரோசம்மா, அந்த டம்மியைப் போடு. எதுலன்னு சொல்லாத.”

நடுவில் ஒன்றாக அதைப் போட்டுக் கொடுத்தேன். மாதாவே, இந்த ஒரு தடவை மட்டும்.

வெடித்தது. மறுபடியும் வெடித்தது. அடுத்தது, டிக்.

முனை இம்மியும் அசையவில்லை. குறி வைத்த இடத்திலேயே நின்றது. நான் வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். மைமூன் சிரித்துக்கொண்டே என் முதுகைத் தட்டினாள்.

துப்பாக்கியைக் காலி செய்து மேசைமேல் வைத்துவிட்டு, இவர் கைப்பேசியை எடுத்துத் திலீப்புக்குக் குரல்செய்தி அனுப்பினார். “முந்நூத்தி அம்பத்தேழே எடுத்து வைடா. அம்பது மீட்டரைத் தாண்டி நிக்கிற மானை நான் சுட மாட்டேன். என் கைக்கு அவ்வளவுதான் தூரம், இப்போதைக்கு.”