ஏரிக்கரையில் நட்ட கல்

பால் வழிந்த பிறகுதான் ரஞ்சனி அந்தக் கல்லைக் கவனித்தாள். ஐயையோ!

ஏரிக்கரையில் அவள் கணவன் ராஜசேகருக்குக் கருமாதி. அவனுடைய சித்தப்பா அய்யாத்துரை நட்டுவைத்து எண்ணெயும் பாலும் ஊற்றிக்கொண்டிருந்தது, அவன் கடைசிவரை கட்டிக்கொண்டு அழுத மீன் கல். இமயமலையில் அவனே உடைத்தெடுத்தது. கோடி கோடி வருஷத்துக்கு முந்தைய, தாடையில்லாத மீனொன்றின் தலை அதில் பதிந்திருந்தது. இதுவரை யாரும் எழுதாத வகை. எழுதி முடிக்கத்தான் பாடம் நடத்திய கல்லூரியிலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்தான், முடிக்குமுன் மேசையிலேயே உயிர் போய்ச் சாய்ந்துவிட்டான். 'கல்லு இல்லன்னா நான் எழுதுனத எவனும் நம்பமாட்டான் ரஞ்சி' என்பான்.

"மாமா, இத்த எங்க எடுத்தீங்க?"

"உங்க வூட்டு மேசையிலதாம்மா. ஊர்ல வேற ஏது நல்ல கல்லு? எல்லாத்தையும் ஃபேக்டரி கட்ட ஜல்லி போட்டுட்டானுங்க. தள்ளும்மா, தண்ணியில வுடணும்."

ரஞ்சனி கல்லின்மேல் கையை வைத்துவிட்டாள். கூட்டத்தில் முணுமுணுப்பு. மாமியார் பாப்பம்மாள் எழுந்து வந்தாள்.

"இன்னாம்மா பண்ற? என் புள்ள இப்ப அதுலதான் கீறான். தண்ணியில வுடலன்னா அலைவாம்மா."

"அத்தை, இது போச்சுன்னா அவரு பட்ட பாடெல்லாம் தண்ணியோட போயிடும். பாருங்க, இதான் அந்த மீனு."

பாப்பம்மாள் குனிந்தாள். எண்ணெய் பட்டதில் மீன்தலை பளிச்சென்று தெரிந்தது. விரலால் தடவினாள்.

"வாயத் தொறந்துகினே கீதே?"

"அதுக்குத் தாடையே கெடையாது அத்தை. எதையும் உறிஞ்சித்தான் குடிக்குமாம்."

"பொறந்த புள்ளயாட்டம்," என்றாள் பாப்பம்மாள்.

இத்தனை நாள் வராத அழுகை ரஞ்சனிக்கு அப்போது வந்தது. கரையென்றும் கூட்டமென்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள்.

பாப்பம்மாள் கல்லைப் பெயர்த்து முந்தானையால் துடைத்தாள். "தம்பி, நீ வேற கல்லு பாரு."

"அண்ணி, பால் ஊத்தின கல்லு..."

"பெத்தவ சொல்றேன். பாருன்னா பாரு."

அன்று மதியமே இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்துத் தண்டலம் கல்லூரிக்குப் போனார்கள். வழியெல்லாம் பாப்பம்மாள் கல்லை மடியிலிருந்து இறக்கவில்லை. ராஜசேகரின் மாணவி இசக்கிசெல்வி அதை வாங்கிப் பஞ்சுத் தட்டில் வைத்தாள்.

"எண்ணெய எடுத்திரலாம்க்கா. சார் எழுதுனத முடிச்சு, அவுக பேர்லயே அனுப்பிருதேன்."

தட்டை உள்ளே வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தப்போனவளைப் பாப்பம்மாள் நிறுத்தினாள்.

"கண்ணு, அந்த ஏசியக் கொஞ்சம் கம்மி பண்ணும்மா. அவனுக்குச் சட்டுனு சளி புடிச்சிக்கும்."

இசக்கிசெல்வி ரிமோட்டை எடுத்தாள்.