கிழிசல் நாள்

"பிரிக்காதம்மா!" என்று மகள் சட்டையின் ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். மறு கை தாயின் மடியில் கிடந்தது. தோள்பட்டையில் முந்தாநாள்தான் ஒட்டுப் போட்டிருந்தாள் தாய். இப்போது அந்த ஒட்டின் ஓரத்திலேயே பிளேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தையற்கடையில் பகல் முழுக்க ஊரார் துணியைத் தைக்கிறவள் அவள். ஒட்டுப் போட்ட இடமே தெரியாமல் போடுவதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. தான் போட்ட தையலைத் தானே பிரிக்க வேண்டும் என்றால் எரிச்சல் வராதா? என்ன செய்வது, மகளின் பள்ளிக்கூடத்தில் இன்று கிழிசல் நாள்.

பெயர் பிள்ளைகள் வைத்தது. பள்ளிக்கூடத்தார் 'நன்கொடையாளர் வருகை' என்பார்கள். அங்கே காலையில் கட்டணம் கட்டும் பிள்ளைகள், மதியத்துக்கு மேல் இலவசப் பிள்ளைகள். இலவசப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வாங்கிய நிதியில் 'புதுமைக் கற்றல் கூடம்' என்று ஓர் அறையைக் கட்டி, ஏசி போட்டு, கம்ப்யூட்டர்களும் ரோபோ செய்யும் பெட்டிகளும் வாங்கி அடுக்கினார்கள். அதில் படிப்பதென்னவோ காலைப் பிள்ளைகள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். மதியம் அறையைப் பூட்டி, பெரிய மேடம் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். இலவசப் பிள்ளைகள் கண்ணாடி ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்க்கலாம். பார்த்த பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும்.

பணம் கொடுக்கிறவர்கள் வரும் அன்று மட்டும் இலவசப் பிள்ளைகளை உள்ளே உட்கார வைப்பார்கள். அதற்குக் கிழிந்த சீருடையும் வாராத தலையுமாக வர வேண்டும். "பளபளன்னு வந்து நின்னா எவடி காசு குடுப்பா?" என்று வகுப்பு டீச்சர் முந்தின நாளே சொல்லிவிட்டாள். ஒத்துழைக்காத பிள்ளைக்கு அடுத்த வருடம் இடம் கிடையாது என்றும் சொன்னாள். தாய் பிளேடை எடுத்தது அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான். மகளுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. வேறு பள்ளியில் சேர்க்க வீட்டில் வக்கில்லை.

"ஒரு நாள்தானே கழுத, போட்டுட்டுப் போயேன்," என்றார் அப்பா. சரக்கு வண்டி ஓட்டப் போகிற அவசரம் அவருக்கு.

"ஒரு நாள் கூத்துக்கு மீசையச் செரைக்கச் சொல்றீங்களாப்பா?"

"செரைச்சா மறுபடி முளைக்காதா?"

"அப்ப நீங்க முதல்ல செரைச்சுக்குங்க."

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார். மகளைத் தெருவே வாயாடி என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

தாய் பிளேடைக் கீழே வைத்தாள். "அடுத்தவ கிழிச்சுட்டு வந்தா தைப்பேன். நானே கிழிக்க இந்தக் கைக்கு வரமாட்டேங்குதுடி. இப்படியே போ. வர்றது வரட்டும்."

புதுமைக் கூடத்தில் தரை சில்லென்று இருந்தது. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு பிள்ளைகள். ஒன்றையும் இயக்கவில்லை, தொட்டுக் கெடுத்துவிடுவார்களாம். வாயாடியின் சட்டையைப் பார்த்ததும் டீச்சர் அவள் கையைக் கிள்ளினாள்.

"திமிராடி? கடைசி வரிசைக்குப் போ."

முதல் வரிசையில் அவளுடைய தோழி நெட்டை உட்கார்ந்திருந்தாள். தோளில் இருந்த கிழிசலை ஒரு கையால் மூடியபடி, யாரையும் பார்க்காமல் இருந்தாள்.

நிதி கொடுக்கும் அம்மாள் புகைப்படக்காரரோடு வந்தாள். கிழிசல்களைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தவள், கடைசி வரிசையில் நின்றுவிட்டாள்.

"இந்தப் பொண்ணு காலைப் பிரிவா?"

பெரிய மேடம் சளைத்தவளா? "இல்லம்மா, இலவசப் பிரிவுதான். உங்க கூடம் வந்தப்புறம் எப்படி மாறிட்டா பாருங்க!"

அம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. "அப்ப முன்பு, பின்புன்னு ஒரு படம் எடுத்துரலாமே."

நெட்டை 'முன்பு', வாயாடி 'பின்பு'. இருவரையும் சுவரோரம் நிறுத்தினார்கள். "கைய எடுடி, கிழிசல் தெரியட்டும்," என்று டீச்சர் அதட்டினாள். நெட்டை கையை எடுத்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. 'முன்பு' என்றால் கண்ணீரும் பொருத்தந்தான் என்பது போலப் புகைப்படக்காரர் ஓரடி நெருங்கினார்.

வாயாடி தன் உள்ளங்கையை அந்தக் கிழிசலின் மேல் வைத்து, நிதி கொடுக்கும் அம்மாளைப் பார்த்தாள்.

"பின்புங்கிறத, எங்களுக்குச் சொல்லிக் குடுத்த பின்னாடி எடுங்க மேடம். படத்துக்கு மட்டுந்தான் எங்கள உள்ள விடுறாங்க. இந்தக் கம்ப்யூட்டர எப்படி ஆன் பண்றதுன்னு இதுல ஒருத்திக்கும் தெரியாது."

எல்லாரும் அம்மாளைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் தான் கொடுத்த நிதி எங்கே போனது என்று அவளும் யாருக்கோ சொல்ல வேண்டும். அவளுக்கும் வேண்டியது படந்தான்.

"நேரமாகுது. வேற பிள்ளைய நிறுத்துங்க," என்றாள்.

பாட்டு வகுப்புக்காகத் தங்கியிருந்த ஒரு காலைப் பிள்ளையைத் தாழ்வாரத்திலிருந்து கூப்பிட்டு நிறுத்தினார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே சீருடை; அந்த ஒன்றில் மட்டும் சமத்துவம். அந்தப் பெண் அழகாகச் சிரித்தாள். படமும் நன்றாக வந்தது.

கார் போனதும் பெரிய மேடம் கூடத்தைப் பூட்டினாள். சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு வாயாடியின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு உங்கம்மா வந்து என்னைப் பார்க்கணும். வராம கிளாஸுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"வருவாங்க மேடம்," என்றாள் வாயாடி. போகத் திரும்பியவள் நின்று கேட்டாள்: "நல்ல துணியில வரணுமா, கிழிஞ்சதுல வரணுமா?"