கோடு தாண்டாத பந்து

வசந்தமலர் கோயிலுக்குப் போவது மாதாவைக் கும்பிடவா, கானா நாட்டுச் செய்தி கேட்கவா என்று முள்ளிக்குளத்தில் ஒரு பகிடி இருந்தது. பகிடியில் பாதி உண்மை. பூசை முடிந்ததும் மற்றப் பெண்கள் வீடு பார்த்து நடப்பார்கள். இவள் மட்டும் வாசலில் நின்று, பங்குத்தந்தை யேசுதாசன் அங்கியைக் கழற்றிவிட்டு வரும்வரை காத்திருப்பாள். பாதர் மன்னாருக்குப் போகும்போதெல்லாம் கணினிக் கடையில் குந்தி அவளுடைய கானாக்காரச் சிநேகிதி அபெனாவைப் பற்றித் தேடிக்கொண்டு வருவார்.

"உன்ர சிநேகிதி பெரிய அணிக்கு மாறிட்டாளாம்."

"நடுவிலதானோ பாதர் விளையாடுறாள்?"

"ஓம், ஓம். நடுவிலதான்."

அது போதும் அவளுக்கு. அந்தக் கிழமை முழுவதும் சோறு தண்ணி வேண்டாம்.

சண்டையை நிறுத்திச் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் வந்தவள் அபெனா. பல நாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரூராய் உதைபந்து விளையாட வந்த ஒரு குழு, முள்ளிக்குளத்திலும் கொஞ்ச நாள் தங்கியது. வசந்தமலரின் வயதுதான். ஆங்கிலம் பேசினாள், வசந்தமலருக்கு அதில் கால்வாசிதான் விளங்கியது. செவ்வாய்க்கிழமை பிறந்த பெண்ணுக்கு அவர்கள் ஊரில் அபெனா என்றுதான் பெயராம். "செவ்வாயில பிறந்தவளோ, அப்ப கலியாணம் இழுபறிதான்," என்று வசந்தமலரின் தாய் மரியம்மா சொல்ல, அதை யாரோ மொழிபெயர்த்துக் கொடுக்க, அபெனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் நடுக்கள ஆட்டக்காரிகள். முன்னுக்கு நிற்பவள் கோல் அடித்துப் பெயர் வாங்குவாள், பின்னுக்கு நிற்பவள் தடுத்துப் பெயர் வாங்குவாள், நடுவில் நிற்பவள் ஓடி ஓடிப் பந்து கொடுத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொள்வாள். அந்த இனம் அந்த இனத்தை உடனே கண்டுபிடித்துக்கொண்டது.

முள்ளிக்குளத்து மைதானத்துக்கு ஒரு பக்கம் கோயில். மறுபக்கம் காடு. காட்டோரம் முழுக்க மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். அந்தப் பக்கம் போன மாடுகள் திரும்பவில்லை, போன பந்துகளும் திரும்பவில்லை. ஊருக்கு இருந்ததோ கோயில் வாங்கிக் கொடுத்த ஒற்றைப் பந்து. ஆகவே "கோட்டைத் தாண்டினால் பந்துமில்லை, காலுமில்லை" என்று அங்கே நடை பழகும் பிள்ளைக்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உயரமாக யாரும் அடிக்கமாட்டார்கள். பந்து மண்ணோடு மண்ணாக உருளும். யாராவது அடிபட்டு விழுந்தால் ஊர் உலகமெல்லாம் பந்தை வெளியே தட்டிவிட்டு ஆட்டத்தை நிறுத்தும். முள்ளிக்குளத்தில் அது நடக்காது. பந்து வைத்திருப்பவள் அதை உள்ளங்காலால் மிதித்துக்கொண்டு வலக்கையை உயர்த்துவாள். அவ்வளவுதான், எல்லோரும் அப்படியே நிற்பார்கள். அந்த நேரத்தில் பந்தைப் பறிக்கிறவளுக்குக் கள்ளி என்று பெயர் விழும், கலியாணம் முடித்துப் பேரப்பிள்ளை கண்டாலும் அந்தப் பெயர் போகாது.

இது அபெனாவுக்குத் தெரியாது. முதல் நாள் ஒரு பிள்ளை கால் பிடித்து விழுந்தபோது, நல்ல பழக்கம் உள்ளவளாய்ப் பந்தைக் காட்டுப் பக்கம் தட்டிவிட்டாள். தட்டியதோடு நிற்காமல் எடுத்து வரவும் ஓடினாள். மைதானம் முழுவதும் கத்திக் குழறியது, தமிழில். அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். வசந்தமலர்தான் பின்னால் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து விழுத்தினாள். இரண்டு பேரும் கோட்டின்மேல் மணலில் கிடந்தார்கள். அபெனா கோபத்தோடு திரும்பினாள். வசந்தமலருக்கு ஆங்கிலம் வரவில்லை. பலகையைக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் கோபம் வடிந்து போனதை வசந்தமலர் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். பந்து காட்டோடு போயிற்று, குழு கொண்டுவந்த பந்தில்தான் மிச்ச ஆட்டம். அதற்குப் பிறகு அபெனாவின் கால் ஒரு நாளும் பந்தை வெளியே விடவில்லை. போகும் நாளில், வான் வண்டியில் ஏறிய பிறகும், கண்ணாடிக்குள் வலக்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே போனாள்.

பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. அபெனா வளர்ந்தாள். நாட்டு அணிக்குப் போனாள், முழங்கால் முறிந்து ஒரு வருடம் கிடந்தாள், எழும்பி ஐரோப்பாவில் ஏதோ குளிர் நாட்டுக்கு விளையாடப் போனாள். எல்லாம் பாதர் சொல்லக் கேட்டதுதான். இங்கே சமாதானம் கிழிந்தது. பந்து விளையாடிய பிள்ளைகளில் சிலர் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனார்கள், சிலரை வீட்டார் அவசரமாகக் கட்டிக் கொடுத்தார்கள், சிலர் எங்கே என்று கேட்கக்கூடாது. பிறகு இரண்டாயிரத்து ஏழு செப்டெம்பரில் ஒரு காலை, ஆமிக்காரர் ஊரைவிட்டுப் போகச் சொல்ல, முள்ளிக்குளம் முழுவதும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

நானாட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பாய் விரித்தார்கள். அங்கேதான் பாதர் வந்து, சனங்களுக்கு அரிசி கொடுப்பதைப் பற்றிப் பேசிவிட்டுப் போகும்போது அவளிடம் மெல்லச் சொன்னார்.

"ஞாயிறு பின்னேரம் உன்ர அபெனா ரிவியில விளையாடுறாள். ஏதோ பெரிய கிண்ணமாம். மன்னாருக்குப் போனால் பாக்கலாம். உப்புக்குளத்தில தாவூதின்ர தேத்தண்ணிக் கடையில டிஷ் இருக்கு."

"ஊர் போச்சு, கூரை போச்சு, இவளுக்குப் பந்து கேக்குது," என்றாள் மரியம்மா.

ஓம், கேட்டது. அந்த நேரத்தில்தான் இன்னும் கூடக் கேட்டது. அந்த மைதானம் இனி இல்லை. கூட விளையாடியவர்கள் இல்லை. தான் நடுவில் நின்றாடியதைக் கண்ட கண்களில் இன்னும் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பவை அபெனாவின் கண்கள் மட்டுந்தான். அவளும் மறந்திருந்தால், முள்ளிக்குளத்தில் அப்படி ஒரு ஆட்டம் நடந்ததே பொய். அதைத்தான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பயமாகவும் இருந்தது.

மன்னாருக்குப் போகும் வழியில் தள்ளாடி என்ற இடத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் "கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். "ஆஸ்பத்திரிக்கு," என்றாள். பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்தப் பொய்யில் பாதருக்கும் பங்கு உண்டு.

கடை நிறைய ஆண்கள். ரிவியில் கிரிக்கெட். வசந்தமலர் வாசலில் நின்று விசயத்தைச் சொன்னதும் கடை சிரித்தது. ஊர் முழுக்க நானா, அண்ணா என்று கூப்பிடும் தாவூது நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி.

"தங்கச்சி, இத மாத்தினா கட கவுண்டுரும். பொம்புளையள் பந்தடிக்கிறத யார் பாக்குற?"

திரைச்சீலைக்குப் பின்னால், அடுப்படியிலிருந்து அவர் மனைவி நசீறாவின் குரல் வந்தது. "எந்த ஊர் புள்ள நீ?"

"முள்ளிக்குளம். நானாட்டானில இருக்கிறம்."

கழுவிய கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இஞ்சேருங்க, தொண்ணூறுல நாமளும் இப்பிடி ஊர விட்டு எறங்கிப் போன கத மறந்து போச்சா? அந்தப் புள்ளைக்கு மாத்திக் குடுங்க."

தாவூது மாற்றினார். முனகினார்களே தவிர யாரும் எழுந்து போகவில்லை. பாதித் தேத்தண்ணியை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்? நசீறா சீலையை விலக்கி, உள்ளே ஒரு கதிரை போட்டுக் கொடுத்தாள்.

அபெனாவை முதலில் அடையாளம் தெரியவில்லை. உடம்பு வைத்திருந்தாள். தலைமயிரை நெருக்கிப் பின்னியிருந்தாள், எட்டாம் இலக்கச் சட்டை. நடுவில்தான் நின்றாள். ஆனால் ஆட்டம் வேறு. பந்து கிடைத்ததும் தலைக்கு மேலால் தூக்கி ஐம்பது மீற்றர் தூரம் அனுப்பினாள். பந்து வெளியே போனது, வந்தது, போனது. யாரோ ஒரு பிள்ளை எடுத்து எடுத்து எறிந்தாள். கானா ஒரு கோல் அடித்து முன்னுக்கு நின்றது. கடைக்கு இப்போது ஆட்டம் பிடித்துவிட்டது, "எட்டு நல்லா அடிக்குது," என்று பாராட்டினார்கள். வசந்தமலருக்கு மட்டும் அந்தப் பாராட்டு இனிக்கவில்லை. நல்லாய்த்தான் விளையாடுகிறாள், நல்லாய் இருக்கட்டும். ஆனால் இது முள்ளிக்குளத்து மண்ணில் விழுந்தெழும்பிய கால் இல்லை. ஐரோப்பாக்காரர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டார்கள். எதற்காக ஆமிக்காரனுக்குப் பொய் சொல்லி வந்தேன் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

ஆட்டம் முடிகிற நேரம். களைத்துப் போயிருந்தார்கள். கானாக்காரப் பிள்ளை ஒருத்தி மோதுண்டு விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். பந்து அபெனாவிடம், ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில்.

"வெளியில தட்டு, வெளியில தட்டு," என்றார் தாவூது.

அபெனா காலை ஓங்கினாள். ஓங்கிய கால் அப்படியே நின்றது. பிறகு பந்தின் மேல் இறங்கியது. உள்ளங்காலால் பந்தை மிதித்துக்கொண்டு, வலக்கையை உயர்த்தி நின்றாள்.

எதிரணியின் வெள்ளைச் சட்டைக்காரி ஒருத்தி விளங்காமல் ஒரு கணம் நின்றாள். பிறகு, ஏன் விடுவாள், காலுக்கடியிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் திரும்புவதற்குள் கோல்.

கடை கொதித்தது. ஒருவன் மேசையில் அடித்தான். கானாவுக்கு இன்றுதான் ஆதரவு கொடுக்கத் தொடங்கியவர்கள் அபெனாவைப் பரம்பரைக் கடன்காரியைப்போல் ஏசினார்கள். ரிவி அவளை நெருங்கிக் காட்டியது. கை இன்னும் இறங்கவில்லை. தான் செய்தது தனக்கே விளங்காதவளாய்க் கோட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே பச்சைப் புல், அதற்கப்பால் குடை பிடித்த சனங்கள்.

வசந்தமலர் அழுதாள். வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. ஊரைவிட்டு வந்த நாளில்கூட இப்படி அழவில்லை. அவள் வலக்கை மடியிலிருந்து தானாக எழும்பி நின்றதை நசீறா மட்டும் கண்டாள்.

"பைத்தியமா இந்தப் பொம்புளைக்கு?" தாவூது ரிவியைப் பார்த்துக் கத்தினார். "சும்மா வெளியில தட்டிருந்தா முடிஞ்சிருக்குமே. என்னத்துக்கு அப்பிடி நிண்ட?"

சீலைக்குப் பின்னாலிருந்து வசந்தமலர் பதில் சொன்னாள்.

"வெளியில தட்டேலாது நானா. அங்கால மிதிவெடி."