கடல் ஏற்கெனவே வந்துபோன வீடு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாயோரம் எழும்பும் மாடிக் கட்டடங்களில் ‘கடல் தெரியும் வீடுகள்’ என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடலுக்கும் இந்த வீடுகள் தெரியும் என்பதை எவரும் எழுதுவதில்லை.

முதல் தொடக்கம்: முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடலோரச் சதுப்பில் ஒரு காடு— (வேண்டாம். பாடப்புத்தகம்.)

2

தாரிகா வெளிநாட்டில் நிலக்கரிப் படிவுகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவள். (நிலக்கரிச் சுரங்கமே இல்லாத நாட்டில் எந்தத் தகப்பன் இதைப் படிக்கவிடுவார்? டொக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை என்று எழுதினேன், அடித்துவிட்டேன்.) கடல் மெல்ல ஏறினால் சதுப்புக்காடும் மக்கி மக்கி அதனோடு உயரும். கடல் முந்திவிட்டால் காடு மூழ்கும், அதன்மேல் சிப்பிச் சேறு படியும், அடியில் புதைந்த மக்கல் பிற்காலத்தில் நிலக்கரி. அப்படித் தோற்ற காடுகளைத் தோண்டி எரிக்கிறோம். அந்தப் புகையில் பூமி சூடாகிக் கடல் மறுபடி ஏறுகிறது. வெட்கங்கெட்ட பிழைப்பு.

3

அந்தக் கால்வாயோரக் கட்டடம் ஒன்றில் அவளுடைய சீதனத்துக்கென்று பார்த்த ஐந்தாம் மாடி வீட்டைக் காட்ட அப்பா தியாகராசா கூட்டிப்போனார். பக்கத்து வளவில் அத்திவாரத்துக்குத் துளையிட்டு எடுத்த மண் வரிசையாகக் கிடந்தது. அடியில் கறுத்த மக்கல். அதன்மேல் சிப்பி கலந்த சாம்பல் நிறச் சேறு. தாரிகா குனிந்து ஒரு சிப்பியைக் கிள்ளி எடுத்தாள். கடல் இங்கே ஒருமுறை வந்து காட்டை விழுங்கியிருக்கிறது.

காணி வாங்குமுன் உப்புக் கரிக்கிறதா என்று கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். இங்கே கிணறு இல்லை. வீட்டுக்குள் போனதும் அப்பா குசினிக் குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்தார்.

“துப்பரவாச் சவர் இல்லைப் பிள்ளை. நல்ல இடம்.”

“அப்பா, இது பைப் தண்ணி. எங்கையோ இருந்தெல்லே வருது.”

“எங்கையிருந்து வந்தா என்ன? ஊரிலை கோண்டாவில் வீட்டை வித்து எழுதிக் குடுத்திட்டன். காசு முழுக்க இந்தக் கட்டடக்காரரிட்டக் கட்டியாச்சு. நானும் அம்மாவும் இனி உன்னோடதான். உனக்குப் பிடிச்சிருக்கோ?”

4

முடிவு ஒன்று: கடல் இங்கே திரும்பி வரும் என்று அவள் சொல்கிறாள். “நீ படிச்சது கரி, இது வீடு” என்று அவர் சிரிக்கிறார்.

முடிவு இரண்டு: “ஓம்” என்கிறாள். பால் காய்ச்சுகிறார்கள். சில மாரிகளுக்குப் பிறகு கீழ்த்தளத்தில்— (எழுதக் கை வரவில்லை.)

இரண்டும் எனக்குக் கசக்கின்றன. அவர் ஈரக் கையைத் துடைக்காமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவளுக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், அதன் பிறகு அந்த மனுஷன் எங்கே குடியிருப்பார் என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.