தீட்டு இல்லாத சாவு

கிணற்றடிக் கதவைத் திறந்துகொண்டு மொட்டைத் தலையோடு வந்து நின்ற அண்ணனைப் பார்த்ததும் சிங்காரவேலு வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் அவலூர்பேட்டையிலிருந்து கிளம்பியிருப்பார்கள். கூடத்தில் நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலையும் பழமும் அடுக்கியாயிற்று. இந்த நேரத்தில் ராஜாங்கம் மீசையையும் மழித்துவிட்டு, துவைக்கிற கல்லின் பக்கத்தில் நிற்கிறார். உள்ளே கூப்பிட்டால் படியேற மாட்டேன் என்கிறார்.

"கோதண்டராமன் பூட்டாருடா. இன்னியோட ஒம்போது நாளு. கொள்ளி நான்தான் வச்சேன்" என்றார்.

பதினாறாம் நாள் கருமாதி முடியாமல் நல்ல காரியத்துக்குக் கை நீட்டக் கூடாது. கடிதம் போட்டால் நாள் கடந்து வரும், தந்தி கொடுத்தால் விசேஷ வீடு பதறும் என்று நேரில் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்.

ராஜாங்கத்தைத் தெரியாதவர்கள் செஞ்சியில் அந்த அறுபத்தைந்தாம் வருஷத்தில் யாரும் இல்லை. பத்து வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். குரல் உடையும்வரை ராஜகுமாரி, உடைந்த பிறகு கோமாளி. சினிமாவுக்குப் போய்ச் சமையல்காரர், கல்யாணத் தரகர், செவிட்டு ஜோசியர் என்று எத்தனையோ வேஷம் கட்டிவிட்டார். சேலை கட்டி வந்தாலோ கேட்கவே வேண்டாம், டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் முழுக்க எழுந்து நின்று விசிலடிக்கும். கடைத்தெருவில் சிங்காரவேலுவின் எண்ணெய்க் கடைக்கே 'ராஜாங்கம் தம்பி கடை' என்றுதான் பெயர். அந்தப் பெருமையைச் சிங்காரவேலு ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

அவர் வேண்டாமென்றது கோதண்டராமனை மட்டும்தான். ஆர்மோனியக்காரரான கோதண்டராமன் இருபத்திரண்டு வருஷம் கோடம்பாக்கத்தில் ராஜாங்கத்தோடு குடும்பம் நடத்தியவர். ராஜாங்கம் இதை யாரிடமும் ஒளித்ததில்லை. பெண் கொடுக்க வந்தவர்களிடமே கோதண்டராமனைக் காட்டி, இவர்தான் என் குடும்பம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். பட உலகத்தில் சிரித்தவர்கள் சிரித்தார்கள், பழகியவர்கள் பழகினார்கள். சிங்காரவேலுதான் ஊருக்கு அவரை 'ரூம் சிநேகிதர்' ஆக்கினார். விசேஷத்துக்கு அழைக்கும்போதெல்லாம் கடிதத்தின் அடியில் 'நீ மட்டும் வரவும்' என்று மறக்காமல் எழுதினார். சிங்காரவேலு மஞ்சள் காமாலையோடு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினெட்டு நாள் கஞ்சி ஊட்டியது அந்த ரூம் சிநேகிதர்தான். அதற்குப் பிறகும் அப்படித்தான் எழுதினார்.

மற்ற வீடுகளில் தீட்டுக்காரன் தானாக ஒதுங்கினால் சந்தோஷப்படுவார்கள். சிங்காரவேலுவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. தீட்டு என்றால் செத்தவர் என்ன உறவு என்ற கேள்வி வரும். திண்டிவனத்து வரன் ஒன்று இந்தக் கதை காதில் விழுந்துதான் கலைந்தது என்று அவர் நம்பினார். மகள் ஜானகிக்கு இருபத்திரண்டு முடிகிறது. மாப்பிள்ளையின் அப்பா மண்டிக்கார விநாயகம் இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதித்ததே சினிமாக்காரர் கையால் தட்டு வாங்கும் ஆசையில்தான்.

"செத்தவரு உனக்கு இன்னா மாமனா, மச்சானா, பங்காளியா? உனக்கு ஏதுண்ணே தீட்டு?" என்றார் சிங்காரவேலு.

ராஜாங்கம் மழித்த தலையைத் தடவிக்கொண்டார். "அவரு கூடப் பொறந்தவங்க ஒருத்தரும் வரல. நானும் தீட்டில்லன்னுட்டா, அந்த மனுசன் அனாதைப் பொணமா பூடுவாருடா."

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. சிங்காரவேலு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கூடத்தில் சும்மா உட்கார்ந்தால் போதும், மொட்டைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், ஜானகியை நினைத்துக்கொள் என்றார். ஜானகி பெயரைச் சொன்ன பிறகுதான் ராஜாங்கம் படியேறினார். ஜமக்காளத்தில் உட்காராமல் ஓரமாக வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

விநாயகம் வந்ததும் வராததுமாக மொட்டையைத்தான் கேட்டார். மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டுதல் என்று சிங்காரவேலு முந்திக்கொண்டார். சொல்லும்போது காது மடல் சுட்டது. ராஜாங்கம் மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. லக்னப் பத்திரிகை படித்து முடித்ததும் விநாயகம் எழுந்து, பெரியவர்தான் தட்டு மாற்ற வேண்டும் என்றார்.

ராஜாங்கம் எழுந்து கைகூப்பினார். "தட்டை நான் தொடக் கூடாதுங்க. எனக்குத் தீட்டு. தம்பி மாத்துவான்."

"யாரு தவறிட்டாங்க?" என்றார் விநாயகம்.

"எங்க வூட்டுக்காரரு."

முதலில் விநாயகத்தின் தொந்தி குலுங்கியது, அதைத் தொடர்ந்து கூடமே சிரித்தது. கதவுக்குப் பின்னாலிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ராஜாங்கத்தின் முகம் அசையவில்லை. திரையிலும் அவர் அப்படித்தான், தான் சிரிக்காமல் பிறரைச் சிரிக்க வைப்பவர். அதனால் இன்னும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே விநாயகம் சிங்காரவேலுவைப் பார்த்தார்.

சிங்காரவேலுவும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தன் சத்தம் தன் காதிலேயே விழுந்தபோது, கஞ்சி ஊட்டிய அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. நிறுத்தினால் கேட்பார்களே என்று நிறுத்தவில்லை.

தட்டை அவரே மாற்றினார். நிமிர்ந்து பார்த்தபோது தரையில் அண்ணன் இல்லை. சாவு கண்டவர் சொல்லிக்கொள்ளாமல்தானே போக வேண்டும். கொல்லைப்பக்க ஜன்னல் வழியாகக் கிணற்றடி தெரிந்தது. அங்கே ஜானகி, பட்டுப்புடவையும் பூவுமாக, துக்கம் கேட்க வருகிறவர்கள் பிடிப்பதைப்போலப் பெரியப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. ராஜாங்கத்தின் தோள்கள் அப்போதுதான் குலுங்கின.

போக வேண்டும் என்று சிங்காரவேலுவுக்குத் தோன்றியது. ஓரடி எடுத்தும் வைத்தார். அதற்குள், தாமதமாக வந்த சொந்தக்காரர் ஒருவருக்கு விநாயகம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்காரராம்! சினிமாக்காரருன்னா சும்மாவா? கேளுங்க, இவரு அண்ணன்தானே" என்று சிங்காரவேலுவின் தோளில் தட்டினார்.

சிங்காரவேலு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இரண்டாம் தடவையும் சிரித்தார்.