கூட்டுக்குள் சாம்பல் முடி

“உன் நாயோட முடிய எனக்குக் கொஞ்சம் தருவியா?”

மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு ஃபெம்கே வேலிக்கு மேல் தலையை நீட்டி இப்படிக் கேட்டாள். திர்சாவின் கையிலிருந்த சீப்பு நழுவிப் புல்லில் விழுந்தது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் அவள். ‘அடுத்து என்ன செய்யப்போற?’ என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ‘எனக்குக் கொஞ்சம் தருவியா’ என்று இந்த மூன்று வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

“எதுக்கு?”

“குருவிக்குத்தான். அந்த ஆப்பிள் மரத்துல பெட்டி வச்சிருக்கேன் பாரு, உள்ள கேமராகூட இருக்கு. கூட்டுக்கு மெத்தை வேணாமா? உன் பையன் உடம்புல இருக்குற பஞ்சுக்கு இந்தத் தெருவுக்கே மெத்தை தைக்கலாம்.”

“நிறைய இருக்கு” என்றாள் திர்சா. காது சிவந்தது.

பையன் என்றால் டூராக். சாம்பல் நிற நாய்; கழுத்தைச் சுற்றிச் சிங்கத்துக்கு இருப்பதுபோலப் பிடரிமயிர். அம்மா காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள், ஆகவே நாய் முழுக்க முழுக்கத் திர்சாவின் பொறுப்பு. வசந்தம் வந்தால் அதன் உள்முடி கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். பழைய தோட்டத்து மேசையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன் மேல் நாயை ஒருக்களித்துப் படுக்க வைப்பாள். முடியை வகிடெடுத்து, தோல் தெரிகிற வரை பிரித்து, ஒரு வரி முடிந்த பிறகே அடுத்த வரிக்குப் போவாள். மேலோட்டமாகச் சீவினால் அடியில் சிக்கு விழுந்து தோல் புண்ணாகிவிடும். காதின் பின்புறமும் தொடையின் பின்புறமும் மோசமான இடங்கள். அங்கே சீப்பை வைக்குமுன் விரலாலேயே பிரிப்பாள்.

அப்புறம் பாதம். விரலிடுக்கில் வளரும் முடியை நுனி மழுங்கிய கத்தரியால் வெட்டிவிட வேண்டும். பனிக்காலத்தில் ஐஸ் உருகத் தெருவில் உப்பு போட்டிருந்தால், வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு காலையும் அலசி, இடுக்கெல்லாம் துடைத்துக் களிம்பு தடவுவாள். டூராக் மூன்று காலைத் தானாகவே நீட்டும். நான்காவதை, இடப்பக்கப் பின்னங்காலை, ஒவ்வொரு தடவையும் கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

மாதம் பிறந்தால் முதல் தேதி மருந்து. தோள்பட்டைக்கு நடுவே முடியை விலக்கித் தோலில் சொட்டினால், உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் அண்டாது. மருந்து விட்ட இரண்டு நாள் நாயை வாய்க்காலில் இறங்க விடக் கூடாது, தண்ணீரில் இருக்கிற பூச்சிகள் செத்துப்போகும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருந்தது. திர்சா அதைச் சட்டம் மாதிரிக் கடைப்பிடித்தாள். இரண்டு நாள் நாயைக் கயிற்றிலேயே வைத்திருந்து, மூன்றாம் நாள்தான் சீப்பை எடுப்பாள்.

ஏப்ரல் மூன்றாம் தேதி சீவியெடுத்த முடி ஒரு பை நிறைய வந்தது. ஃபெம்கே அதைக் கம்பி உருண்டைக்குள் அடைத்து மரத்தில் தொங்கவிட்டாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கறுப்புத் தலையும் மஞ்சள் மார்புமாக ஒரு பட்டாணிக்குருவி வந்து தலைகீழாகத் தொங்கி, வாய் கொள்ளாமல் இழுத்துக்கொண்டு போனது. மீசை வைத்த மாதிரி இருந்தது.

“பாத்தியா, முதல் கிராக்கி!” என்று ஃபெம்கே கைதட்டினாள்.

கேமராப் படத்தைத் திர்சாவின் போனிலும் வரவழைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து இருவரும் வேலியின் இரு புறமும் நின்று பேசினார்கள். பேசியது பெரும்பாலும் ஃபெம்கேதான். போகுமுன் வேலிக்கு மேல் கையை விட்டு டூராக்கின் பிடரியைச் சொறிந்துவிட்டுத்தான் போவாள். எட்டு முட்டை. மே மூன்றாம் தேதி எட்டும் பொரிந்தன. ஃபெம்கே ரஸ்கில் வெண்ணெய் தடவி, குழந்தை பிறந்த வீட்டில் தருவதுபோலச் சோம்பு மிட்டாய் தூவிக் கொண்டுவந்தாள்.

“எது ஆணு எது பொண்ணுன்னு யாருக்குத் தெரியும்? அதான் நீலம், ரோஸ் ரெண்டுமே போட்டுட்டேன். சாப்பிடுடி, உன் வீட்டுப் போர்வைலதான் பொறந்திருக்குதுங்க.”

திர்சா கடைசி மிட்டாய் வரை விரலால் ஒற்றியெடுத்துத் தின்றாள்.

எட்டாம் நாள் காலை, காப்பி வைத்துவிட்டு வழக்கம்போலப் போனைத் திறந்தாள். தாய்க்குருவி பெட்டிக்குள் வந்தது. அலகில் பச்சைப் புழு. நேற்றுவரை அது வந்தால் போதும், எட்டு வாயும் மஞ்சளாகப் பிளந்துகொண்டு எழும். இன்று ஒன்றும் எழவில்லை. குருவி ஒரு குஞ்சின் வாயோரம் புழுவை வைத்துப் பார்த்தது. அடுத்ததன் மேல் வைத்தது. எட்டும் சாம்பல் முடிக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தலை சாய்ந்து கிடந்தன. குருவி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு புழுவோடு வெளியே பறந்தது. திரும்ப வந்தது. அதே புழு.

படம் நின்றுபோயிருக்கும் என்று திர்சா போனை அணைத்துப் போட்டாள். நிற்கவில்லை.

தோட்டத்திலிருந்து ஃபெம்கேயின் குரல் கேட்டது. இப்படி ஒரு குரலை அவள் இதுவரை கேட்டதில்லை.

“வாங்க பக்கத்து வீட்டுக்காரரே, வந்து பாருங்க! உங்க வேலிச்செடி பச்சையா இருக்கணும்னு எட்டு உசிரு போயிருக்கு. சந்தோஷமா?”

மறுபக்கத்து வீட்டு கேர்ட் வீட்டுச் செருப்போடே ஓடிவந்திருந்தார். “நான் இந்த வருஷம் மருந்தே அடிக்கல, ஃபெம்கே. புழுவெல்லாம் கையாலதான் பொறுக்குறேன். என் முதுகைக் கேட்டுப் பாரு.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க!”

“போன வருஷம் பொய் சொன்னேன். இந்த வருஷம் சொல்லல.”

திர்சா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. டூராக் வந்து முன்னங்காலைத் தூக்கி அவள் முட்டியில் வைத்தது. நேற்றுத்தான் முடி வெட்டிவிட்ட பாதம், சுத்தமாக இருந்தது. அதைப் பிடித்தபடி இன்னொரு கையைப் பிடரிக்குள் விட்டாள். மெத்தென்று இருந்தது. வாய்க்கால், என்று நினைத்தாள். வாய்க்காலில் இறங்கினால் பூச்சி செத்துப்போகும்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

மருந்துத் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். குருவியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. போனில் பேசுவதென்றாலே தள்ளிப்போடுகிறவள், மிருக வைத்தியரின் எண்ணை அழுத்தினாள். எடுத்த பெண் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“மருந்து விட்டு எத்தனை நாள் கழிச்சுச் சீவுனீங்க?”

“மூணாம் நாள். ரெண்டு நாள்தானே சொல்லியிருக்கு?”

“அது நாய் தண்ணில இறங்குறதுக்கு, கண்ணு. முடில அது வாரக்கணக்கா இருக்கும். வேற இடங்கள்ல குருவிக் கூட்டுல கிடைச்ச நாய்முடிய ஆராய்ஞ்சு பாத்தப்போ இந்த மருந்து இருந்திருக்கு. உங்க குஞ்சுங்களுக்கு அதாலதான் ஆச்சான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அந்த முடிய மட்டும் இனிமே வெளிய போட்டுறாதீங்க.”

போனை வைத்தாள். பேசாமல் இருந்துவிடலாம். கேர்ட் ஏற்கெனவே ஒரு தடவை பொய் சொன்னவர், இன்னொரு தடவையும் திட்டு வாங்கிக்கொள்வார். நாளைக்கு ஃபெம்கே வேலியோரம் வருவாள்.

வெளியே ஃபெம்கே கூட்டையே பெட்டியிலிருந்து எடுத்து வேலியோரத்து மேசையில் வைத்திருந்தாள். பாசியால் ஒரு சதுரம். நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு குழி. அதற்குள் எட்டு. கேமராவில் பெரிதாகத் தெரிந்தவை, கட்டைவிரல் அளவுகூட இல்லை.

திர்சா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். டூராக்கும் பின்னாலேயே வந்தது.

“அவர் இல்ல” என்றாள்.

“என்ன?” என்று திரும்பினாள் ஃபெம்கே.

“கேர்ட் இல்ல. நாய்முடி. அதுல உண்ணி மருந்து இருந்திருக்கு. இப்பத்தான் கேட்டேன். உறுதியில்லன்னுதான் சொன்னாங்க, ஆனா நான் குடுத்த முடிதான். எனக்குத் தெரியாது, ஃபெம்கே. நான் ரெண்டு நாள் விட்டுத்தான்... நான் எண்ணித்தான்...”

கேர்ட் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

ஃபெம்கே கூட்டைப் பார்த்தாள். மரத்தில் தொங்கிய கம்பி உருண்டையைப் பார்த்தாள். அதில் இன்னும் ஒரு கைப்பிடி முடி மிச்சம் இருந்தது. அவள் கேட்டு வாங்கி, அவள் கையால் அடைத்த முடி. முகத்தில் இருந்த கோபம் வடிந்துபோய், அந்த இடத்தில் வேறு எதுவும் வந்து சேரவில்லை.

டூராக் முன்னங்கால்களை வேலியில் ஊன்றி எழுந்து, வழக்கம்போலக் கழுத்தை நீட்டியது. ஃபெம்கேயின் கையும் பழக்கத்தில் எழுந்தது. பிடரிக்கு ஒரு சாண் மேலே வந்து அப்படியே நின்றது. விரல்கள் மடங்கின. தொடவேயில்லை, ஆனாலும் கையைப் பின்னால் இழுத்து உடையில் துடைத்துக்கொண்டாள்.

“ஃபெம்கே” என்றாள் திர்சா.

ஃபெம்கே கம்பி உருண்டையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கேர்ட்டையும் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை. புல்லைத் தாண்டி நடந்து, சமையலறைக்குள் போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.